பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்: உளவியல் ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் நடுவே உள்ள கோடு

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வருகிறது. முதுகலை உளவியல் ஆய்வுக்காக, ஐந்தே நிமிடம், நிரப்பித் தாருங்கள் என்று வேண்டுகோள். திறந்தால், கடந்த இரண்டு வாரங்களாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று கேட்கிறது. ஒருவர் ‘ஏறக்குறைய தினமும்’ என்பதைத் தொட்டு அனுப்புகிறார். பதில் பதிவாகிவிட்டது, நன்றி என்கிறது திரை.

இந்தப் பதிலைப் படிக்கும் மாணவர் இப்போது என்ன செய்ய வேண்டும்? பதில் அனுப்பியவர் யாரென்று தேடிப் பிடித்து உதவ வேண்டுமா? ஆய்வாளர் ஆய்வோடு நிற்க வேண்டும் என்று விட்டுவிட வேண்டுமா? உளவியல் ஆய்வு நெறிமுறைகள் பற்றிய பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆய்வாளர் பங்கேற்பாளரோடு எவ்வளவு நெருங்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு விதிகள் இருக்கின்றன. அவை ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் பட்ட பாடு இருக்கிறது.

முதலில், யார் யார்?

உளவியலாளர் என்றதும் நம் மனதில் வருபவர், எதிரே உட்கார்ந்து நம் கதையைக் கேட்டு வழி சொல்பவர். அவர் சிகிச்சையாளர். ஆய்வாளர் வேறு ஆள். சிகிச்சையாளரிடம் நம் தேவைக்காக நாம் போகிறோம், பணமும் நாம்தான் கொடுக்கிறோம். ஆய்வாளர் தன் தேவைக்காக நம்மிடம் வருகிறார், சில சமயம் பணம் அவர் கொடுக்கிறார். நாம் குணமாவது சிகிச்சையாளரின் இலக்கு. ஆய்வாளருக்கோ நாம் குணமானாலும் ஒரு தரவு, ஆகாவிட்டாலும் ஒரு தரவு.

கேட்க இரக்கமில்லாதது போல இருக்கும். ஆனால் இந்த வேறுபாட்டை மறைப்பதுதான் உண்மையில் இரக்கமற்ற செயல். ஆய்வில் சேர்ந்த நோயாளிகள் பலர், தமக்கென்று தனியாக வகுத்த சிகிச்சை நடக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பதைப் பால் ஆப்பல்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1982-இல் கவனித்து அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அதைச் ‘சிகிச்சை மயக்கம்’ எனலாம்.

இனி வரும் பகுதிகளுக்குத் தேவையான சொற்கள் நான்கு:

1. அறிந்து தரும் ஒப்புதல்: என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, எப்போது விலகலாம் என்பதெல்லாம் தெரிந்த பிறகு சொல்லும் ‘சரி’. கையெழுத்து அதற்கான அடையாளம் மட்டுமே.
2. பின்விளக்கம்: ஆய்வு முடிந்ததும், உண்மையில் என்ன நடந்தது என்று பங்கேற்பாளரிடம் சொல்வது. ஆய்வுக்காகப் பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யை உடைப்பது.
3. ரகசியக் காப்பு: யார் சொன்னது என்று ஆய்வாளருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார். பெயரின்மை என்பது வேறு. அதில் ஆய்வாளருக்கே தெரியாது.
4. இரட்டை உறவு: ஆய்வாளர் அதே ஆளுக்கு ஆசிரியராகவோ மருத்துவராகவோ முதலாளியாகவோ நண்பராகவோ காதலராகவோ கூட இருப்பது.

நான்காவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். வரலாற்றில் பேர் பெற்ற மீறல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை கொடூரமானவர்கள் செய்தவை அல்ல. ஒரே ஆள் பாலுக்கும் காவலாகவும் பூனைக்கும் தோழனாகவும் இருக்கப் பார்த்ததால் நடந்தவை.

450 வோல்ட்: ‘நீங்கள் தொடர வேண்டும்’

1961 ஆகஸ்டில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி மில்கிராம் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நினைவாற்றலும் கற்றலும் பற்றிய ஆய்வு என்று விளம்பரம். வந்தவர்களுக்கு நாலரை டாலர். வேலை என்னவென்றால், அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்அதிர்ச்சி தர வேண்டும். இயந்திரத்தில் 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 விசைகள். அடுத்த அறையில் இருந்தவர் மில்கிராமின் ஆள். அதிர்ச்சி எதுவும் உண்மையில் பாயவில்லை. விசையை அழுத்தியவருக்கு மட்டும் அது தெரியாது.

தயங்கியவர்களிடம் ஆய்வாளர் சொல்வதற்கென்று நான்கு வாக்கியங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. தயவுசெய்து தொடருங்கள் என்பது முதலாவது. உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும் என்பது கடைசி. 1963-இல் வெளியான முதல் கட்டுரையில், 40 ஆண்களில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், திக்கினார்கள். அதையும் மில்கிராமே எழுதியிருக்கிறார்.

கீழ்ப்படிதல் பற்றி இந்த ஆய்வு சொன்னதை ஊரே பேசியது. நமக்கு வேண்டியது வேறு. ‘வேறு வழியில்லை’ என்று ஆய்வாளர் சொன்னது பொய். வழி இருந்தது, கதவு திறந்தே இருந்தது. பங்கேற்பாளர் விலகலாம் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டிய ஒரே ஆள், விலக முடியாது என்று சொல்லும் வேலையிலும் இருந்தார்.

1964-இல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் இதைக் கடுமையாக விமர்சித்தார். ஆய்வுக்கூடம் என்பது அறிமுகமில்லாத இடம். அங்கே வருபவர் ஆய்வாளரை நம்பித்தான் உட்காருகிறார். அந்த நம்பிக்கையையே கருவியாக்குவது முறையல்ல என்பது அவர் வாதம். மில்கிராம் பதில் சொன்னார்: பிறகு அனுப்பிய கேள்வித்தாளில் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதற்கு மகிழ்ச்சி என்றே பதில் எழுதியிருந்தார்கள், வருந்தியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

இந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பிற்காலத்தில் யேல் ஆவணக் காப்பகத்தைத் துருவியவர்கள் கண்டது இது: பலருக்கு அன்றைய தினமே முழு உண்மை சொல்லப்படவில்லை. அடுத்த அறை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் காட்டிச் சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாமே நாடகம் என்பது பலருக்குப் பின்னால் தபாலில் வந்த அறிக்கையில்தான் தெரிந்தது. ஒருவர் தன்னால் அந்த ஆள் இறந்துபோயிருப்பாரோ என்று இரண்டு வாரம் உள்ளூர் நாளிதழின் மரண அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வாரத்தை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பது?

சிறை அதிகாரியும் ஆய்வாளரும் ஒருவரே

1971 ஆகஸ்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியல் துறையின் அடித்தளத்தில் பிலிப் ஜிம்பார்டோ ஒரு போலிச் சிறை அமைத்தார். 24 இளைஞர்கள் தேர்வானார்கள், நாளுக்கு 15 டாலர். கைதியா காவலரா என்பதை முடிவு செய்தது குலுக்கல். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. காவலர்கள் கைதிகளைச் சிறுமைப்படுத்தினார்கள், சிலர் உடைந்துபோய் விடுவிக்கப்பட்டார்கள். காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்வது என்று முன்பே கோடி காட்டப்பட்டது என்பதற்கான ஆவணங்களும் பின்னாளில் வெளியாகி, அந்த ஆய்வின் அறிவியல் மதிப்பே கேள்விக்குள்ளானது. அது தனிக் கதை.

ஜிம்பார்டோ தலைமை ஆய்வாளர் மட்டுமல்ல, அந்தச் சிறையின் கண்காணிப்பாளர் வேடமும் அவருடையதே. கைதிகள் தப்பிக்கத் திட்டம் போடுவதாக ஒரு வதந்தி வந்தபோது, அது எப்படிப் பரவுகிறது என்று குறிப்பெடுக்க வேண்டியவர், சிறையைக் காப்பாற்றுவது எப்படி என்று அலைந்தார். இதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

நடுவில் ஒரு ‘பரோல் குழு’ கூடியது. இதுவரை சம்பாதித்த பணத்தை விட்டுக்கொடுத்தால் போதும், வெளியே போகலாம் என்றால் சம்மதமா என்று கைதிகளிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் சம்மதம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம், அறைக்குப் போங்கள் என்றதும் எழுந்து அறைக்கே போனார்கள். பணம் வேண்டாம் என்ற அந்த நிமிடமே அவர்கள் ஆய்விலிருந்து விலகியவர்கள். நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. விலகும் உரிமை இருப்பதும், அது இருப்பதாக உணர்வதும் ஒன்றல்ல.

ஆய்வை நிறுத்தக் காரணமானவர் கிறிஸ்டினா மாஸ்லாக். அப்போதுதான் முனைவர் பட்டம் முடித்தவர், ஜிம்பார்டோவின் காதலி, பின்னாளில் மனைவி. ஐந்தாம் நாள் இரவு வந்து பார்த்துவிட்டு, இந்தப் பையன்களுக்கு நீங்கள் செய்வது கொடுமை என்று சண்டை போட்டார். அதற்கு முன் வெளியாட்கள் சுமார் 50 பேர் வந்து பார்த்துப் போயிருந்தார்கள் என்றும், இவர் ஒருவர்தான் ஆட்சேபித்தார் என்றும் ஜிம்பார்டோ பிறகு சொன்னார். இந்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி முறையாக வாங்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

ஜீனி: அன்பும் ஆய்வும் ஒரே வீட்டில்

மேலே சொன்ன இரண்டிலும் உறவு சில மணி நேரமோ சில நாளோதான். இது ஆண்டுக்கணக்கான கதை. என் பார்வையில் மூன்றிலும் சிக்கலானதும் இதுதான்.

1970 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி அதிகாரிகளின் கண்ணில் பட்டாள். பிறந்ததிலிருந்து பெரும்பகுதிக் காலத்தை ஒரே அறையில், கட்டிப்போடப்பட்டு, யாரும் பேசாமல் கழித்தவள். பேச்சு ஏறக்குறைய இல்லை. அவளுடைய அடையாளத்தைக் காக்க ஆய்வாளர்கள் வைத்த புனைபெயர் ஜீனி. குழந்தைப் பருவம் தாண்டிவிட்டால் முதல் மொழியைக் கற்க முடியுமா என்று மொழியியல் உலகம் அப்போது விவாதித்துக்கொண்டிருந்த நேரம். வேண்டுமென்றே ஒரு குழந்தையை அப்படி வளர்த்துச் சோதிக்க யாராலும் முடியாது. சோதனை தானாக வந்து வாசலில் நின்றது.

குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு குழு அமைந்தது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் நிதி கொடுத்தது. அந்தக் குழுவின் தலைமை ஆய்வாளர் டேவிட் ரிக்லர். மொழியை ஆராய வந்தவர் சூசன் கர்டிஸ் என்ற இளம் ஆய்வு மாணவி. அதன் பிறகு நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம்:

1. முதலில், மருத்துவமனையில் அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை ஜீன் பட்லர் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சில வாரம் வைத்திருந்தார், வளர்ப்புத் தாயாகவும் விண்ணப்பித்தார். ஆய்வாளர்கள் குழந்தையைச் சோதனை மேல் சோதனை செய்து களைக்க வைக்கிறார்கள் என்பது அவர் புகார். பட்லருக்குப் பேர் வாங்கும் ஆசை என்பது மறுதரப்பின் புகார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.
2. அடுத்து, ‘தற்காலிகமாக’ என்று ரிக்லர் அவளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். அது ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாக நீண்டது. ஆய்வுத் தலைவரே வளர்ப்புத் தந்தை. அவர் மனைவி மர்லின் அவளுக்கு ஆசிரியை.
3. 1974-இல் நிதி நிறுவனம் ஆய்வு முன்னேறவில்லை என்று நிதியை நிறுத்தியது. 1975-இல் அந்த வீட்டு வாழ்க்கையும் முடிந்தது.
4. சில காலம் தாயிடம், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வளர்ப்பு இல்லங்கள். சிலவற்றில் அவள் துன்புறுத்தப்பட்டாள். கற்ற பேச்சும் சுருங்கிப்போனது.
5. 1979-இல் தாய் வழக்குத் தொடுத்தார்: அளவுக்கு மீறிய சோதனைகள், ரகசியத்தை வெளியிட்டது. வழக்கு 1984-இல் சமரசத்தில் முடிந்தது.

ரிக்லர் வீட்டில் இருந்த ஆண்டுகள்தான் அவள் வாழ்வின் நல்ல காலம் என்றும் சொல்லலாம். சொல் சேர்த்துப் பேசினாள், வெளியே போனாள், சிரித்தாள். கர்டிஸ் தன் நூலால் வரும் உரிமைத்தொகையை அவளுக்கென்று ஒதுக்கினார். இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வேறு நல்ல இடம் எதுவும் அப்போது தயாராக இல்லை என்பதும் உண்மை.

அப்படியானால் தப்பு எங்கே? ஒரு குழந்தை இன்று பரிசோதனை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், பெற்றோர் ‘விடுங்கள், களைத்திருக்கிறாள்’ என்று சொல்ல வேண்டும். அந்தப் பெற்றோரே ஆய்வாளராக இருந்தால் அதை யார் சொல்வது? இன்னொன்று, நிதி நின்ற அடுத்த ஆண்டே வீடும் போய்விட்டது. ரிக்லர் பாசமில்லாமல் அனுப்பினார் என்பது என் வாதமல்ல. அவளுடைய வீடு ஓர் ஆய்வு மானியத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது என்பதுதான். மானியம் முடிந்தால் ஆய்வாளருக்கு ஒரு திட்டம் முடிகிறது. அவளுக்கு முடிந்தது ஒரு குடும்பம்.

நெருக்கமே கூடாது என்பதல்ல இதற்கு அர்த்தம். நெருங்கித்தான் பல ஆய்வுகளைச் செய்ய முடியும். நெருங்குகிறவர், முடிவெடுக்கிறவர், பயனடைகிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவே.

மறந்துபோகிறவரின் ஒப்புதல்

ஹென்றி மொலெய்சன் 2008-இல் இறக்கும்வரை உலகுக்கு எச்.எம். மட்டும்தான். வலிப்புக்காக 1953-இல் செய்த மூளை அறுவைக்குப் பின் அவரால் புதிய நினைவு எதையும் சேர்த்துவைக்க முடியவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவரை ஆராய்ந்தார்கள். முதலில் பிரெண்டா மில்னர், பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கார்க்கின். நினைவு பற்றி இன்று பாடப்புத்தகங்களில் இருப்பதில் பெரும்பகுதி அவரிடமிருந்து வந்தது.

பல பத்தாண்டுகள் பழகிய கார்க்கினை அவருக்குத் தெரியாது. எங்கோ பார்த்த முகம் போல இருக்கிறது, ஒருவேளை பள்ளியில் கூடப் படித்தவரோ என்பார். அவர் தந்த ஒவ்வொரு ‘சரி’யும் சில நிமிடங்களில் அவரை விட்டுப் போய்விடும். நேற்றைய ஒப்புதல் இன்றைக்குச் செல்லுமா? அவருக்குச் சட்டப்படியான பாதுகாவலர் ஒருவர் அமர்த்தப்பட்டது 1992-இல்தான். அவர் நெருங்கிய ரத்த உறவு அல்ல என்பது பின்னாளில் சர்ச்சையானது. அதற்கு முன் பல்லாண்டுகள், ஒப்புதல் கேட்பவரும் அது உண்மையான ஒப்புதலா என்று முடிவு செய்பவரும் ஆய்வாளர்களே.

ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். பெயரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் சந்தித்த ஒருவருடைய பெயர் வெளியே கசியாமல் இருந்தது சாதாரணமல்ல.

இன்றைய விதிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் 1947-இல் வந்த நியூரம்பெர்க் நெறித்தொகுப்பின் முதல் விதியே தன்விருப்பான ஒப்புதல்தான். ஆனாலும் அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் நோய்க்கான சிகிச்சையைத் தராமலே கவனித்துக்கொண்டிருந்த ஆய்வு 1972 வரை நடந்தது. அது அம்பலமானதும் 1974-இல் அங்கே ஆய்வுப் பங்கேற்பாளர்களைக் காக்கச் சட்டம் வந்தது, 1979-இல் பெல்மாண்ட் அறிக்கை வெளியானது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகள் அதிலிருந்துதான். உளவியலைப் பொறுத்தவரை, அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறித்தொகுப்பையே உலகெங்கும் முன்மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதில் நம் விஷயத்துக்கு வேண்டியவை:

1. இரட்டை உறவு: எல்லா இரட்டை உறவும் குற்றமல்ல. ஆய்வாளரின் நடுநிலையைக் குலைக்கவோ மற்றவரைச் சுரண்டவோ இடம் தரக்கூடியது என்றால் தவிர்க்க வேண்டும்.
2. சுரண்டல்: தன் அதிகாரத்துக்கு உட்பட்டவரைச் சுரண்டக் கூடாது. அந்தப் பட்டியலில் நோயாளி, மாணவர், ஊழியரோடு ஆய்வுப் பங்கேற்பாளரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்.
3. காதல், பாலுறவு: முன்னாள் சிகிச்சை நோயாளி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி, அதற்குப் பிறகும் மிக அரிதான சூழலில் மட்டும். ஆய்வுப் பங்கேற்பாளருக்கு இப்படி ஆண்டுக் கணக்கு இல்லை, மேலே சொன்ன இரண்டு விதிகளை வைத்தே எடை போட வேண்டும்.
4. மாணவர்கள்: மதிப்பெண்ணுக்காக ஆய்வில் பங்கேற்கச் சொன்னால், விரும்பாதவருக்குச் சமமான மாற்று வேலை தர வேண்டும்.
5. பொய்: வேறு வழியே இல்லாதபோது மட்டும். உடல் வலியோ கடும் மன வேதனையோ தரக்கூடிய ஆய்வில் அதைப் பற்றிப் பொய் சொல்லவே கூடாது. சொன்ன பொய்யைக் கூடிய சீக்கிரம் உடைக்க வேண்டும், பங்கேற்பாளர் தன் தரவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் விட வேண்டும்.

மாணவர் பற்றிய நான்காவது விதி நம் ஊரில் எத்தனை வகுப்பறைகளில் நினைவில் இருக்கிறது என்பது சந்தேகமே. ஆசிரியரே கேள்வித்தாளை நீட்டி ‘விருப்பம் இருந்தால் நிரப்புங்கள்’ என்றால், இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கும்போது விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலில் சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒரு நிறுவனத்தில் நடக்கும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்கிறது அது. குழுவில் சட்டம் தெரிந்தவரும், துறை சாராத ஒரு சாதாரண மனிதரும் இருக்க வேண்டும். மாஸ்லாக் தற்செயலாகச் செய்ததை ஒரு விதியாக்கினால் இப்படித்தான் இருக்கும். அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோய் உள்ளவரிடம் ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கவே அவருடைய சுதந்திரமான ஒப்புதல் வேண்டும் என்கிறது.

முகமே தெரியாத பங்கேற்பாளர்

இதுவரை அதிக நெருக்கத்தின் சிக்கல். அதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் செய்தியோடையில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. 2014-இல் கட்டுரை வெளியானபோதுதான் உலகுக்கே தெரிந்தது. நிறுவனம் தன் வேலையாகச் சேகரித்த தரவு என்பதால் தங்கள் பரிசீலனைக்கு வராது என்று, இந்த ஆய்வில் ஃபேஸ்புக்கோடு சேர்ந்து வேலை செய்தவர்களின் கார்னெல் பல்கலைக்கழகம் கருதியிருந்தது. கட்டுரையை வெளியிட்ட இதழே பிறகு கவலை தெரிவிக்கும் குறிப்பு ஒன்றை அதோடு சேர்த்தது. கணக்கு தொடங்கும்போது யாரும் படிக்காமல் தொட்ட ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை ஒப்புதல் என்றார்கள். விளைவு மிகச் சிறியது என்பது அவர்கள் சமாதானம். அந்த வாரம் ஏற்கெனவே மனம் நொந்திருந்தவர்கள் அந்த ஆறு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்தில் எத்தனை பேர் என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கரைகளிலும் இலங்கையிலும் நிவாரணத்தோடு கேள்வித்தாள்களும் வந்திறங்கின. அரிசி தருபவர், ஆறுதல் சொல்பவர், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலையை அளப்பவர் எல்லாரும் ஒரே மாதிரி அடையாள அட்டை போட்டுக்கொண்டு வந்தால், முகாமில் இருப்பவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? பதில் சொன்னால்தான் வீடு கிடைக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒப்புதல் அங்கேயே செத்துவிடுகிறது. இலங்கை மனநல மருத்துவர் அத்துல சுமதிபால உள்ளிட்ட ஆசிய ஆய்வாளர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். நிவாரணமும் ஆய்வும் வேறு வேறு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பேரிடரைக் காரணம் காட்டி உள்ளூர் நெறிமுறைக் குழுவைத் தாண்டிப் போகக் கூடாது என்பவை அவர்கள் வலியுறுத்தியவற்றில் முக்கியமானவை.

அந்த ஒன்பதாவது கேள்வி

தொடக்கத்தில் பார்த்த கூகுள் ஃபார்முக்கு வருவோம். அந்தக் கேள்விகள் பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வு அளவுகோலைச் சேர்ந்தவை. உலகெங்கும் பயன்படுவது, நல்ல கருவிதான். சிக்கல் அதைக் கையாளும் முறையில் இருக்கிறது.

பெயர் கேட்காத படிவம் என்றால் பங்கேற்பாளர் பயமில்லாமல் உண்மையைச் சொல்லலாம். ஆனால் உதவி தேவைப்பட்டாலும் அவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெயரும் எண்ணும் வாங்கும் படிவம் என்றால் ஆய்வாளருக்குத் தெரிந்துவிடுகிறது, தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியாது. இரண்டில் எது என்பதைப் படிவம் அனுப்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பெயரில்லாப் படிவம் என்றால், அந்தக் கேள்விக்குக் கீழேயே 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் போன்ற உதவி எண்கள் தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் நன்றிக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டால் போதாது. பெயருள்ள படிவம் என்றால், இப்படி ஒரு பதில் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் பேசுவார் என்பதும், அந்த விஷயத்தில் ரகசியம் காக்கப்படாது என்பதும் ஒப்புதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பேசுபவர் ஆய்வு மாணவராக இருக்கக் கூடாது. ஆய்வில் தொடர்பில்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

குழந்தைகளிடம் ஆய்வு செய்தால் இன்னும் ஒரு படி. எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருப்பேன் என்று ஓர் ஆய்வாளர் இந்தியாவில் குழந்தைக்கு வாக்குக் கொடுக்கவே முடியாது. பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் யாராக இருந்தாலும் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012-இன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. அந்த வரம்பைக் குழந்தை வாய் திறக்கும் முன்பே, அதற்குப் புரியும் சொற்களில் சொல்லியாக வேண்டும். பிறகு சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும்.

உங்களிடம் ஒரு படிவம் வந்தால் பார்க்க வேண்டியவை மூன்று:

1. எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று எழுதியிருக்கிறதா?
2. பாதியில் விலகினால் அதுவரை தந்த பதில்கள் என்ன ஆகும் என்று இருக்கிறதா?
3. புகார் சொல்லத் தந்திருக்கும் எண் யாருடையது? ஆய்வாளரின் சொந்தக் கைபேசி எண் மட்டுமே இருந்தால், நிரப்பும் முன் இன்னொருவருடைய எண்ணைக் கேளுங்கள்.